பதினேழு தடவை

“ஏன் ஐயா போன் எடுக்கல?”

எப்சிபாவின் குரலில் கோபம் இல்லை. அழுது ஓய்ந்த குரல். மாசிலாமணி போதகருக்கு அதுவே சுருக்கென்றது.

பதினொரு வருஷமாக அவரிடம் ஊழியம் பழகுகிறவள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாண வயசில் பெண் வைத்திருப்பவள். இருந்தும், வியாதிக்காரர் வீட்டுக்குப் போனால் ஐயாவைக் கூப்பிட்டு, இந்த வீட்டுக்கு பைபிளில் என்ன வசனம் என்று கேட்டு வாங்கிய பிறகுதான் ஜெபம் பண்ணுவாள். அவர் போட்ட சட்டம் அது. என்னைக் கேட்காமல் என் சீஷர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். மனுஷனுக்கு அதில் அப்படியொரு பெருமை!

நேற்று மத்தியானம் பக்கத்துத் தெரு தங்கபுஷ்பத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எப்சிபாவின் கையைப் பிடித்து, பயமாக இருக்கிறது, எனக்காக ஒரு ஜெபம் பண்ணேன் என்று கேட்டிருக்கிறாள். இவள் உடனே போனை எடுத்திருக்கிறாள்.

போதகர் அந்நேரம் தூத்துக்குடியில் ஒரு கூட்டத்தில் மேடையில் நின்றார். போன் பைக்குள் கிடந்தது. சீஷத்துவம் என்றால் என்ன என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். நல்ல கூட்டம். பேசி முடித்ததும் நிறையப் பேர் வந்து கை கொடுத்தார்கள்.

“எத்தனை தடவை கூப்பிட்டே?”

“பதினேழு தடவை.”

“அதுவரைக்கும் அவகிட்ட என்ன சொன்னே?”

“இருங்கக்கா, ஐயா இப்ப எடுத்துருவாங்கன்னு சொன்னேன்.”

“அவ என்ன பண்ணினா?”

“போனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்படியே போயிட்டாங்க.”

இவளைத் திட்டலாம் என்றால் போதகருக்கு நாக்கு எழவில்லை. சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்தாள், பாவி மகள்!

ஆண்டவரே, இவங்க பயப்படுறாங்க என்று ஒரு வார்த்தை நீயே சொல்லியிருக்கக் கூடாதா என்று மெல்லக் கேட்டார். நீங்கள் வசனம் தரவில்லையே என்றாள் அவள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. நேற்றுக் கை கொடுத்தவர்களை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

கையை நீட்டி அவள் போனை வாங்கினார். தேடித் தன் நம்பரை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இனிமே ஜெபம் பண்ண என்னைக் கேக்காதம்மா.”

எப்சிபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பவ்வியமாகத் தலையாட்டினாள்.

“சரிங்க ஐயா. நீங்க சொன்னாச் சரி.”