தூக்கிய கை

மேளச் சத்தம்தான் முதலில் மேலே வந்தது. சரிந்த மலையில் மண் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கீழே, மடத்து வாசலில் பந்தல். பந்தலுக்குள் மாலைகள், சால்வைகள்.

மேலே, சேற்றோரம் மடத்துச் சாமி ஒரு வாளித் தண்ணீரில் மீட்புக்காரர்களின் கையுறைகளை அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருதாயி. அவள் மகள் அந்த மண்ணுக்குள் இருந்தாள்.

குழுத் தலைவன் இருதயராஜ் சட்டென்று கையைத் தூக்கினான். அவன் கை தூக்கினால் எல்லாம் நிற்கவேண்டும். உள்ளே உயிர்ச் சத்தம் இருக்கிறதா என்று கேட்க. மண்வெட்டிகள் நின்றன. இயந்திரம் நின்றது. மேளம் நிற்கவில்லை.

அவன் சரிவில் இறங்கி ஓடினான். சாமியும் பின்னாலேயே போனார்.

“எவன்யா மேளம் அடிக்கிறது?”

சாமியின் மூத்த சீடர் தில்லைநாயகம் சால்வையோடு எதிரே வந்தார். “உங்களுக்குத்தான் தம்பி. பத்தே நிமிஷம். எல்லாரையும் வரச் சொல்லுங்க, மரியாதையை வாங்கிக்கிட்டு...”

“உங்க மரியாதையில மண்ணு விழ! உள்ளருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சுய்யா. ஒரே தடவை. அடுத்தது உங்க கொட்டுல போயிருச்சு.”

“ஊரே உங்களைக் கொண்டாடுது. இப்படியா கோபப்படறது?”

சாமி மேளக்காரரிடம் போனார். சேற்றுக் கையை மேளத்தின் தோலில் அழுத்தி வைத்தார். சத்தம் அடங்கியது.

“நான் கூலிக்கு வந்தவன் சாமி,” என்றார் மேளக்காரர். “யாராச்சும் சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேனே.”

சாமி சீடரைப் பார்த்தார். மேலே ஏறினார். சீடரும் சால்வையைக் கையில் பிடித்தபடியே ஏறினார்.

மேலே திரும்பிய இருதயராஜ் மறுபடி கையைத் தூக்கினான். மருதாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சாமி ஒரு கையுறையை வாளிக்குள்ளேயே பிடித்திருந்தார். எடுத்தால் தண்ணீர் சொட்டும்.

தில்லைநாயகத்துக்கு மனம் ஆறவில்லை. குனிந்து சாமியின் காதருகே கேட்டார்:

“மேளமும் வேண்டாம், மாலையும் வேண்டாம்னா இவங்களை வேற எப்படித்தான் சாமி கௌரவிக்கிறது?”

சாமி பார்த்த பார்வையில் சீடர் ஓரடி பின்னால் போனார்.

“அவன் கை இன்னும் இறங்கல.”

தில்லைநாயகம் வாயை மூடினார்.

வெகுநேரம் கழித்து அந்தக் கை இறங்கியது. இருதயராஜ் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“கேக்கல. எந்தப் பக்கம்னு தெரியல. எல்லாப் பக்கமும் தோண்டுங்க.”

மண்வெட்டிகள் மண்ணில் இறங்கின. சாமி கையுறையை வெளியே எடுத்துப் பிழிந்தார்.