இடப்பக்கப் பெட்டி

நாங்குநேரியில் பத்திரம் எழுதும் இசக்கிமுத்துவுக்கு ஒரு பெருமை உண்டு. பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தினால், அதைக் கடைசிப் பக்கத்தில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தன் பத்திரத்தில் அப்படி ஒரு குறிப்பு வந்ததே இல்லை என்று டீக்கடையிலும் சொல்வார், துட்டி கேட்கப் போன சாவு வீட்டிலும் சொல்வார்.

பத்திரமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால், தலை நரைத்தபின் ஜெபமணி டீச்சரிடம் டைப்பிங் படிக்க வந்தார். டீச்சருக்கு அவர் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். ஆனாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அன்று விரல் தடுமாறித் தப்பாக விழுந்த ஒரு சொல், அவர் கண்ணெதிரே தானாகச் சரியானது.

"இது என்ன கூத்து, டீச்சர்?"

டீச்சர் திரையில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து காட்டினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள்.

"நீங்க வழக்கமா தப்பா அடிக்கிறதை இடது பக்கம் போடுங்க அண்ணாச்சி. சரியானதை வலது பக்கம். பெறவு 'சேர்'ங்கிற பட்டனை அமுக்குங்க. அம்புட்டுதான்."

அவர் நாலைந்து சொற்களைச் சேர்த்தார். எல்லாம் சொன்னபடி கேட்டது. அப்புறம் அவர் கை நின்றுவிட்டது.

"டீச்சர், வாய்க்கு இப்படி ஒண்ணு வைக்க முடியுமா?"

விஷயம் டீச்சருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மகள் கல்யாணப் பேச்சில், சம்பந்தி வீட்டார் முன்னால், கல்யாணத்தைக் கோயிலில் வைக்கலாமே என்றாள் அவர் மனைவி செண்பகம். அவர் பட்டென்று ஒன்று சொல்லிவிட்டார். அவள் எல்லாருக்கும் காப்பி கொடுத்து முடித்துவிட்டு வள்ளியூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு வருவாளாம், விருந்தாளியாக.

"முடியும் அண்ணாச்சி. இப்பவே வச்சிருவோம்."

டீச்சர் சொன்ன தோரணையில் அவருக்குத் தெம்பு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, வலது பெட்டியில் 'பொறுமை' என்று அடித்தார். பட்டன் அசையவில்லை. அழித்துவிட்டு 'அன்பு' என்று அடித்தார். அதற்கும் அசையவில்லை. 'தன்மையான பேச்சு' என்றும் அடித்துப் பார்த்தார்.

"பட்டன் செத்துக் கெடக்கு டீச்சர்."

"இடது பக்கம் காலியால்லா இருக்கு?"

"அதை எதுக்கு அடிச்சிக்கிட்டு? ஏதோ கோவத்துல ஒரு வார்த்தை."

"அந்த வார்த்தையைத்தான் கேக்குது."

அவர் வாசலைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார்.

'ஒனக்கு என்ன தெரியும்.'

சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்ன அந்த ஒரு தடவைதான் என்று இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார். எழுத்தில் பார்த்தபோதுதான், வீடு கட்டும்போது சொன்னது, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று அவள் கேட்டபோது சொன்னது, குழம்பில் உப்புக் கூடியதற்குக்கூடச் சொன்னது, எல்லாம் ஞாபகம் வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

பட்டன் இப்போது வேலைக்குத் தயாராக இருந்தது. அவர் அமுக்கவில்லை. இரண்டு பெட்டிகளையும் சேர்த்து வாய்க்குள் படித்துப் பார்த்தார். பெற்ற மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசியவளுக்கு, 'தன்மையான பேச்சு' ஒரு பதிலா? வலது பக்கத்தில் இருந்ததை அழித்தார்.

காலிப் பெட்டியை டீச்சருக்குக் காட்டினார்.

"இந்தப் பக்கம் என்னத்தை அடிக்க, டீச்சர்?"

"அது மதினிக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. வள்ளியூர் பஸ் இப்ப வந்துரும். போய்க் கேட்டுட்டு வாங்க."