ஓலை கண்டுபிடித்த குடை

யானைகளுக்கும் ஆசைகளுக்கும் குறைவில்லாத வேழமுடி நாட்டை முன்னொரு காலத்தில் கோதைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று கேட்பான், மாலையில் வேறொன்று கேட்பான். ஆனால் புதிதாக எதையாவது செய்து காட்டுபவருக்குச் செப்புப் பட்டயம் தருவதில் மட்டும் சொன்ன சொல் மாறமாட்டான். பட்டயம் பெற்றவர் அனுமதியில்லாமல் பதினான்கு வருஷம் அந்தப் பொருளை வேறு எவரும் செய்யக்கூடாது.

அப்படி மூன்று பட்டயம் வாங்கியவர் அரண்மனைப் பட்டறைத் தலைவர் விடங்கர். நான்காவது பட்டயம் கடைவீதியில் குடை கட்டும் சிலம்பாயிக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ராஜாவின் குடை யானையையும் சேர்த்து மறைக்க வேண்டும். ஆனால் கோட்டை வாசலில் இடிக்கக்கூடாது, சாயவும் கூடாது. இதுதான் ராஜாவின் ஆசை. விடங்கர் வாசலை இடிக்கச் சொன்னார். சிலம்பாயியோ மூங்கில் குச்சிகளை மடித்து விரிக்கும்படி ஒரு குடை கட்டிக் கொண்டுவந்தாள். வாசலில் மொட்டாகச் சுருங்கி, வெளியே போனதும் பூவாக விரிந்தது. ஊரே கைதட்டியது. விடங்கரும் தட்டினார். தட்டிய கை எரிந்தது.

"மடிக்கிறதும் ஒரு வித்தையா? இது எனக்குத் தோன்றாமல் போனதே!" என்று மனசுக்குள் வெந்துகொண்டிருந்தவருக்கு அவள் பட்டறையைப் பற்றி ஒரு சேதி கிடைத்தது. அவளிடம் ஓர் ஓலைக்கட்டு இருக்கிறதாம். அதில் பன்னிரண்டு கேள்விகளாம். சிக்கல் எதுவானாலும் அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பாளாம்.

மறுநாள் சபையில் விடங்கர் எழுந்தார்.

"மன்னா, இவளுக்குப் பட்டயம் கூடாது. பிரிக்கலாமா, தலைகீழாக்கலாமா, இடம் மாற்றலாமா, நேரம் மாற்றலாமா, ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாமா என்று எழுதி வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டிருக்கிறாள். குடையைக் கண்டுபிடித்தது ஓலை. இவள் வெறும் கை!"

"உண்மையா?" என்றான் ராஜா.

"கேள்வி கேட்டது உண்மைதான் மகாராஜா," என்றாள் சிலம்பாயி. அவள் முகம் வாடிவிட்டது. பட்டயம் இல்லையென்றால் நாளைக்கே அரண்மனைப் பட்டறை அதே குடையைக் கட்டும். அவளை நம்பியிருந்த எட்டுப் பெண்களுக்கும் வேலை போய்விடும்.

அமைச்சர் ஆராவமுதர் மெதுவாக மீசையைத் தடவினார். "விடங்கரே, உமது மூன்று யோசனைகளும் எப்படி வந்தன?"

"கனவில் வந்தன! பகவான் கொடுத்தது."

"தூங்கும்போது வந்ததற்குப் பட்டயம் உண்டு, விழித்திருந்து தேடியதற்குக் கிடையாதா?"

சபை சிரித்தது. விடங்கருக்குக் காது சிவந்தது. "அந்த ஓலை கையில் இருந்தால் எவனும் செய்வான்! என்னிடம் கொடுங்கள், நானும் செய்து காட்டுகிறேன்!"

"இதைத்தான் எதிர்பார்த்தேன்," என்றார் அமைச்சர். "மன்னா, ஒரு சிக்கல் சொல்லுங்கள். ஓலைக்கு ஒரு நகல் எடுத்து இவரிடம் கொடுப்போம். இருவரும் தனித்தனியாகச் செய்யட்டும். இவரும் செய்துவிட்டால் பட்டயம் வேண்டாம்."

ராஜாவுக்கு அன்று காலை ஆறிப்போன ரசம் ஞாபகம் வந்தது. "மடைப்பள்ளி மூன்று முற்றம் தள்ளி இருக்கிறது. ரசம் கொதிக்கக் கொதிக்க என் இலைக்கு வர வேண்டும். கொண்டுவருபவன் கை சுடக்கூடாது. மூன்று நாள் தந்தேன்!"

விடங்கர் ஓலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிரிக்கலாமா? ரசத்தைப் பன்னிரண்டு கிண்ணங்களில் பிரித்தார், பன்னிரண்டும் ஆறின. இடம் மாற்றலாமா? அடுப்பைக் கொண்டுவந்து சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ராஜா இருமி இருமி எழுந்து ஓடினான். நேரம் மாற்றலாமா? "மன்னர் மடைப்பள்ளிக்கே வந்து முன்கூட்டிச் சாப்பிட்டால்..." என்று ஆரம்பித்தார், ராஜா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார். தலைகீழாக்கிய கதையை மடைப்பள்ளித் தரையைக் கழுவியவர்கள்தான் சொல்ல வேண்டும். கடைசியில் பானைக்குள் பானை வைத்து, நடுவே தண்ணீர் ஊற்றினார். கை சுடவில்லை. ரசமும் சுடவில்லை.

மூன்றாம் நாள் சிலம்பாயி வந்தாள். அவளும் பானைக்குள் பானைதான் வைத்திருந்தாள். நடுவில் நெல் உமியைத் திணித்திருந்தாள். ராஜா அவசரமாக ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். கொண்டுவந்த ஆளோ பானையைக் கட்டிப்பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றான்.

"நீ எந்தக் கேள்வியைக் கேட்டாய்?" என்றார் அமைச்சர்.

"ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாமா என்றுதான் ஐயா."

"விடங்கரே, நீர்?"

விடங்கர் தலை குனிந்தார். "அதே கேள்விதான்."

"கேள்வி ஒன்று. ஓலை ஒன்று. உமி மட்டும் ஓலையில் எழுதியிருக்கவில்லை," என்றார் ஆராவமுதர்.

ராஜா வெந்த நாக்கோடு தீர்ப்புச் சொன்னான். "இனி இந்த நாட்டில் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாரையும் கேட்க மாட்டோம். இதற்கு முன் இருந்ததா, தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றக்கூடியதா, பயன் உண்டா, இவ்வளவுதான் கேட்போம். குடைக்கு ஒரு பட்டயம், பானைக்கு ஒரு பட்டயம். இரண்டிலும் இவள் பெயரை விடங்கரே தம் கையால் பொறிக்கட்டும்!"

விடங்கர் பொறித்தார். ஒவ்வொரு எழுத்தும் அவர் நெஞ்சில் விழுந்தது. பட்டயங்களைக் கொடுக்கும்போது ஆவலை அடக்கமாட்டாமல் கேட்டார். "நான் தண்ணீரோடு நின்றுவிட்டேன். உமிதான் சரி என்று உனக்கு எப்படியம்மா தெரிந்தது?"

"எனக்கு மட்டும் உடனே தெரிந்ததா ஐயா? மணல் போட்டேன், வைக்கோல் போட்டேன், சாம்பல் போட்டேன். அந்தக் குடைக்கு முன்னால் பதினேழு குடை ஒடிந்தது," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் பட்டயங்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

விடங்கர் அங்கேயே நின்றார். பதினேழு! தாம் எதையும் இரண்டாம் முறை செய்து பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பொறாமை போய்விடவில்லை. ஆனால் இப்போது அவருக்கு அந்தப் பட்டயங்கள் மேல் பொறாமை இல்லை. அந்த ஒடிந்த குடைகள் மேல்தான்.