கடைசி இலைக்கு வராத மோர்

வெகு காலத்துக்கு முன்னால் மருதவேலி என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் செண்பகமாறன். கெட்டவன் இல்லை. ஆனால் எதையும் வேடிக்கையாகச் சொன்னால்தான் அவன் காதில் ஏறும்.

அந்த வருஷம் மழை பாதிதான். மாசானம் என்ற குடியானவன் அரண்மனைக்கு வந்து கும்பிட்டான்.

"மகாராசா, எங்க பக்கத்துல குளமெல்லாம் வரிசையா இருக்கு. மேல்குளம் நிறைஞ்சு மறுகால் வழியா வழிஞ்சாத்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணி. எங்க குளம் கடைசி. அதுல இப்ப ஆடு மேயுது. பொழைக்க வேற சீமைக்குப் போக ஊரே வண்டி கட்டி நிக்குது. மகாராசா பதில் சொல்லுவார்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

மேல்குளத்தடியில் கரும்பு போட்டிருந்தவர் வாணராயர், அரசனுக்கு நெருங்கிய பிரபு. அவர் குறுக்கே விழுந்தார். "சோம்பேறிகள், அரசே! குளத்தைத் தூர் வாரமாட்டார்கள். மழையும் இல்லை. யாரை நோவது?"

"தூர் வார ஆள் எங்கே?" என்றார் அமைச்சர் குழைக்காதர். "ஊர் இளவட்டங்கள் நம் வசந்த மாளிகைக்கு மண் சுமக்கிறார்கள். முறை வைத்து மடை திறக்கிறவனையும் பிடித்து வந்துவிட்டோம். வாணராயரோ மறுகாலை மேடாக்கி, தண்ணீரைத் தன் கரும்புக்கே தேக்கிக்கொண்டார்."

"பொறாமை!" என்று கத்தினார் வாணராயர்.

அரசன் கொட்டாவி விட்டான். "உபதேசம் வேண்டாம், குழைக்காதரே. நான் அரண்மனையை விட்டு இறங்கமாட்டேன். அந்தக் குளங்களை இங்கேயே என் கண்ணுக்குக் காட்டும். என் பிறந்தநாள் விருந்தில் காட்டும், சபை சிரிக்கவேண்டும். தோற்றால் வாணராயர் கரும்புக்கு உம்மைக் காவல்காரனாக்கிவிடுவேன்."

"பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கிறதே, அரசே!"

"காத்திருக்கட்டும்."

"அதுவரைக்கும் தாங்காது சாமி" என்று அமைச்சரிடம் முணுமுணுத்துவிட்டு மாசானம் போனான்.

விருந்து நாளும் வந்தது. நல்ல வெயில். பிரபுக்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் இலை வாணராயருக்கு, கடைசி இலை சேனாதிபதிக்கு. குழைக்காதர் அரைப் பானை மோர்தான் கொண்டுவரச் சொன்னார். பரிசாரகன் அகப்பையால் அளந்து ஊற்றினான். தொண்டை நனையும் அளவுக்கு எல்லோருக்கும் கிடைத்தது.

"மழை குறைந்த வருஷம் இப்படித்தான் அரசே, பிழைத்துக்கொள்ளலாம். இனி பரிசாரகன் மண் சுமக்கப் போகட்டும். பானை கைமாறி வரட்டும்" என்றார் அமைச்சர்.

மறுபடியும் அதே அளவு மோர் வந்தது. வாணராயர் தன் செம்பை நிரப்பினார். இன்னொரு செம்பை நிரப்பி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த அடுத்தவர் பயந்துபோய்ப் பானையோடு தூக்கிக் குடித்தார். நடுவில் இழுபறி. ஒருவர் தலைப்பாகை மோரில் விழுந்தது. கடைசியில் சேனாதிபதி பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, விடுவிடுவென்று வெளியே போனார்.

அரசனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. "சேனாதிபதி ஏன் போகிறார்?"

"அவர்தான் கடைசிக் குளம், அரசே. இலை போட்டும் ஒன்றும் வரவில்லை. வேறென்ன செய்வார்?"

"மோர் அதே அளவுதானே?"

"அதே அளவுதான்."

அரசன் சிரிப்பை நிறுத்தினான். "வாணராயரே, நாளைக்கே அந்த மேட்டை உம் கையால் வெட்டும்!" என்றான். மண் சுமந்தவர்களை விடுவித்தான். அமைச்சருக்கு முத்துமாலை போட்டான். சபை கைதட்டியது.

மறுகால் திறந்தது. பின்மழையும் பெய்தது. தண்ணீர் போய்ச் சேர்வதைப் பார்க்க அரசனும் அமைச்சரும் கடைசி ஊருக்குப் போனார்கள். வீடுகள் திறந்து கிடந்தன. கரையில் மாசானம் மட்டும் நின்றான்.

"ஊர் எங்கே?"

"போயிட்டாங்க மகாராசா. மாளிகையிலேருந்து வந்த பயலுகளும் காலி வீட்டைப் பாத்துட்டு அப்படியே போயிட்டானுவ. எம் பொஞ்சாதி பிள்ளைகளும் போயாச்சு. பதில் வரும்னு சொன்னவன் நான். அதான் நிக்கேன்."

தண்ணீர் வந்தது. கவனிக்க ஆளில்லாமல் கரையில் எலி வளைகள் மண்டியிருந்தன. ஓரிடத்தில் கசிந்தது, பிறகு பிளந்தது. குழைக்காதர் இறங்கி மண்ணை அள்ளிப் போட்டார். அரசனும் அள்ளினான். ஊர் கூடி அடைக்கவேண்டிய உடைப்பு அது. அவர்கள் கண்ணெதிரே குளம் வடிந்து காலியானது.

"ஆள் அனுப்பி எல்லோரையும் திரும்ப அழைக்கிறேன்" என்றான் அரசன்.

"எங்கேன்னு அனுப்புவீங்க? ஆளுக்கொரு திக்கா போயிட்டாங்களே." மாசானம் அமைச்சர் பக்கம் திரும்பினான். "மகாராசாவுக்கு எப்படிச் சாமி புரிய வச்சீங்க?"

"விருந்தில் ஒரு வேடிக்கை காட்டினேன்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரித்தார்கள்."

மாசானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உடைந்த கரை வழியாக இறங்கி நடந்தான்.