அருளப்பன் மொழி மாறினார்

நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவியை மருத்துவமனைகளுக்குச் செய்யும் நிறுவனம் ஒன்று கோவையில் இருந்தது. கருவிக்குள் ஓடும் நிரலை இருபத்தாறு வருடமாக ‘சி’ என்ற கணினி மொழியில் எழுதிவந்தவர் அருளப்பன். அவர் எழுதியதை யாரும் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

ஒருமுறை, கருவிக்குள் ஊடுருவிப் பார்க்கச் சொல்லி நிறுவனமே ஒரு சோதனைக் குழுவை அழைத்தது. அவர்கள் நோயாளியின் பெயரை வேண்டுமென்றே மிக நீளமாக அனுப்பினார்கள். பெயர் தன் இடத்தில் அடங்காமல் பக்கத்து இடத்துக்குள் வழிந்தது. அங்கே இருந்தது மருந்தின் அளவு. ஐந்து, ஐந்நூறானது.

நல்லவேளை, அது சோதனை மேசை.

அருளப்பன் பாதுகாப்புப் பிரிவின் மெஹ்ருன்னிசாவைத் தேடிப் போனார். அவரைவிட இருபது வயது சிறியவள்.

“இப்படி வழியவே விடாதுங்கறாங்களே, அந்த ரஸ்ட் மொழியை எனக்குக் கத்துக்கொடுங்க மேடம். ஆனா ஒண்ணு கேக்கறேன். கவனமா எழுதறவனுக்கு எந்த மொழியா இருந்தா என்னங்க?”

அவள் பழைய நிரலைத் திறந்தாள். பெயர் வழிந்த அந்த வரியில் விரலை வைத்தாள்.

“இதை எழுதின தேதி மார்ச் ஒன்பது. அன்னைக்கு என்ன சார்?”

அவர் முகம் மாறியது. “மகளுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து எழுதினேன்.”

“அன்னைக்கும் கவனமாத்தான் இருந்தீங்களா?”

அருளப்பன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாளே ரஸ்ட் மொழியில் முதல் வரியிலிருந்து தொடங்கினார். அது லேசில் விடவில்லை. சந்தேகமான வரியை ஏற்கவே மறுத்தது. ஒரு தகவல் தன் இடத்தின் எல்லையைத் தாண்டினால் அங்கேயே நிறுத்தியது. முதல் நாளில் மட்டும் நூற்றுப்பதினான்கு பிழைகள்.

“இது என்னை நம்பவே மாட்டேங்குதுங்க!”

“என்னையும் நம்பாது சார். எழுதுங்க.”

ஐந்து மாதம் எழுதினார்.

அதே குழு மறுபடி வந்தது. மூன்று நாள் முட்டி மோதினார்கள். நீளமான பெயர், உடைந்த செய்தி, குப்பை எண்கள், எதை அனுப்பினாலும் கருவி தள்ளிவிட்டது. மூன்றாம் நாள் மதியம் குழுத்தலைவர் மடிக்கணினியை மூடினார்.

“ஒரு சொட்டுகூட அசைக்க முடியலைங்க.”

அலுவலகமே மேசையைத் தட்டியது. அருளப்பன் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். கண்ணில் நீர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெஹ்ருன்னிசாவிடம் வந்தார்.

“அப்போ இனிமே நான் கவனமா இருக்க வேண்டியதில்லைங்களா?”

“இருங்க சார்,” என்றாள் அவள். “இத்தனை வருஷம் உங்க கவனத்தையெல்லாம் மெஷினே தின்னுடுச்சு. இனி நோயாளிக்குக் கொடுங்க.”