கடைசி இரண்டு இலை

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் முதலில் இலை போட்டுவிடுவார்கள். வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவும் வரை பேர், ஊர், வந்த காரியம் எதையும் கேட்கக் கூடாது.

மடத்துப் பொறுப்பில் இருந்தவரைச் சின்ன சாமி என்பார்கள். பெரிய சாமிக்குப் பிறகு வந்தவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர்களில் ஒருவர் நஞ்சப்பன், அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதனால் சாமி அவரை அண்ணா என்றே கூப்பிடுவார்.

நஞ்சப்பன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்து வரும் துணியில் குறை பார்க்கும் பிரிவுக்கு இன்சார்ஜாக இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். மனம் ஆறட்டும் என்று ஒரு வாரம் தங்க வந்தவர், நாலு மாதமாகப் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

சின்ன சாமி நல்லவர்தான். ஆனால் எதிலும் கை வைக்காமல் இருக்க மாட்டார். நஞ்சப்பன் வரிசையாக இலை போட்டுக்கொண்டு போனால், பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் விரற்கடை நகர்த்தி வைப்பார். முதல் மாதம் நஞ்சப்பனுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். வரிசையில் கடைசி இரண்டு இலையை மட்டும் போடாமல் அப்படியே கீழே வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போய்விடுவார். சாமி வந்து அந்த இரண்டையும் விரித்து, துடைத்து, நேராக்கிவிட்டுத் திருப்தியாகப் போய்விடுவார். மற்ற இலைகளைத் தொட மாட்டார். இது சாமிக்குத் தெரியாது என்றுதான் நஞ்சப்பன் நினைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் நஞ்சப்பன் சாமி முன்னால் வந்து நின்றார்.

"சாமி, நான் இங்கேயே இருந்துக்கறனுங்க."

"வீட்ல அண்ணி என்ன சொன்னாங்க?"

"அவ எப்ப வேலைக்குப் போவீங்கன்னுதான் கேக்கறா. புள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்குதுங்க."

"அப்புறம் எதுக்கு இங்கேயே இருக்கணும்?"

நஞ்சப்பன் போனை எடுத்துக் காட்டினார். "ஆள் எடுத்துக் கொடுக்கற கன்சல்டன்சியில ஷர்மிளான்னு ஒரு அம்மிணி. மூணு கம்பெனிக்குச் சொல்லுச்சு. மூணுலயும் வேண்டாம்னுட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் மறுபடியும் கூப்பிடுதாம். அது பேசுனாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குதுங்க. நாலு மாசமா என்ன பண்றீங்கன்னு கேக்குது. சொந்தமா பிசினஸ் பண்றேன்னு சொல்லி வெச்சேன். என்ன பிசினஸுன்னு கேட்டுச்சு. லைன் கட்டாயிருச்சுன்னு வெச்சுட்டேன். அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு என்னதான் வேணும் சாமி?"

சாமி வேறு பேச்சை எடுத்தார்.

"சமையலுக்கு இன்னைக்கு ரெண்டு பேர் வர்றதாச் சொன்னாங்க. நீங்களே பார்த்து ஒருத்தர முடிவு பண்ணிருங்கண்ணா."

மடத்துச் சமையல்காரர் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து நஞ்சப்பன்தான் சமைத்தார். அவர் சமையலைப் பற்றி யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. சாப்பிட வருகிறவர்கள் மட்டும் குறைந்திருந்தார்கள்.

பதினோரு மணிக்குக் கிட்டுசாமி என்பவர் வந்தார். கேட்கும் முன்பே பேரைச் சொல்லிவிட்டார். சமையலுக்கு வந்திருப்பதாகவும் சொன்னார். நஞ்சப்பன் இலை போட்டார்.

சாம்பாரைப் பிசையும்போதே கிட்டுசாமி தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எந்த எம்.எல்.ஏ. வீட்டுக் கல்யாணம், எந்த மில் திறப்பு விழா, பிரியாணியா, ஜாங்கிரியா, சைனீஸா, எல்லாம் தெரியும் என்றார். இந்தச் சாம்பாரைச் செய்தவன் யாரோ, கையை வெட்ட வேண்டும் என்றார். பழைய இடத்து மேனேஜர் திருடன் என்றார்.

பக்கத்தில் மோர்ச் சொம்போடு நின்ற நஞ்சப்பன் மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான் இருந்தது. இந்த ஆளே சரியாக அமைந்துவிட வேண்டும். அமைந்தால் நாளைக்கு அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை. எப்படியாவது பிடித்துப்போகட்டும் என்று அவர் பேச்சை உற்றுக் கேட்டார். கிட்டுசாமியோ மடத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்றுகூடக் கேட்காமலே ஏப்பம் விட்டு எழுந்தார்.

"சொல்லி அனுப்பறோமுங்க" என்றார் நஞ்சப்பன். சொல்லி முடித்ததும் அவருக்கே சுருக்கென்றது. இதே வார்த்தையைத்தான் ஷர்மிளா மூன்று தடவை அவரிடம் சொல்லியிருந்தாள்.

மதியப் பந்தியில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை. யாரென்று கேட்க வழியில்லை.

ஒரு வாய் சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தார்.

"தினமும் எத்தன இலைங்க?"

"அறுபது விழுமுங்க. இப்பக் கொஞ்சம் கம்மி."

"ஏனுங்க கம்மி?"

"சமையல் சரியில்லீங்க."

"வர்றவங்க பெரும்பாலும் வயசானவங்களா?"

"ஆமாங்க."

"அப்பக் காரம் தூக்கலா இருக்குது. விறகா, கேஸா?"

இது சாதாரணமாகச் சாப்பிட வந்தவர் கேட்கிற கேள்வி இல்லை. உணவுத் துறை ஆபீசர்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார் என்று நஞ்சப்பன் முடிவு கட்டிவிட்டார். இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டார். மறைத்தால் மடத்துக்கு வம்பு என்று கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடியே சொன்னார். புகைபோக்கி அடைத்திருப்பதைச் சொன்னார். அரிசி மூட்டையில் வண்டு விழுந்ததையும் சொன்னார்.

அந்தப் பெண்மணி மோரை ஊற்றிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டார்.

"முன்னால இருந்த சமையல்காரர் எதுக்குப் போனாரு?"

நஞ்சப்பன் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சாமி நல்லவருங்க. ஆனா ஒரு நாளைக்கு நாலு தடவ அடுப்படிக்கு வந்து, ருசி பார்த்து, உப்ப அள்ளிப் போட்ருவாரு. அந்த ஆளு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டுக் கரண்டிய வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

"ருசி பார்த்துட்டுப் போகட்டும். உப்பு டப்பாவ நான் எடுத்து வெச்சுக்கறேன்."

கை கழுவி வந்த பிறகுதான் நஞ்சப்பனால் கேட்க முடிந்தது.

"அம்மா எந்த ஆபீஸுங்க?"

"ஆபீஸா? நான் மரகதங்க. சமையலுக்கு ஆள் வேணும்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

நஞ்சப்பன் இடுப்புத் துண்டைத் தளர்த்திக்கொண்டார். பிறகு அடுப்படிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். சம்பளத்தைக் கேட்டுக்கொண்டு, நாளை முதல் என்றார். எதற்கு நாளை என்று மரகதம் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் போன் வந்தது. நஞ்சப்பன் ஆற்றுப் படிக்குப் போய் உட்கார்ந்து எடுத்தார்.

"நஞ்சப்பன் சார், பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனி, குவாலிட்டி இன்சார்ஜ். அன்னைக்கு லைன் கட்டாயிருச்சு. நாலு மாசமா என்ன பண்றீங்கன்னு கேட்டேன்."

"லைன் கட்டாகலீங்க, நான்தான் வெச்சுட்டேன். பிசினஸும் இல்லீங்க. ஒரு மடத்துல பந்தி பார்க்கறேன். பத்து நாளாச் சமையலும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சமையல் எப்படி சார்?"

"நல்லா இல்லீங்க. அதனால இன்னைக்கு வேற ஆள் வெச்சுட்டேன்."

ஷர்மிளா மறுபடியும் சிரித்தாள். இந்த முறை அவள் குரலில் அவசரம் குறைந்திருந்தது. நஞ்சப்பன் அந்த இடைவெளியில் கேட்டார்.

"எத்தன தையல் லைனுங்க அங்க? எந்த நாட்டுக்குச் சரக்குப் போகுது?"

சொன்னாள்.

"முன்னால இருந்தவர் எதுக்குப் போனாருங்க?"

ஷர்மிளா குரலைத் தாழ்த்தினாள்.

"உண்மையச் சொல்றேன் சார். இத யாரும் என்கிட்டக் கேக்கறதில்ல. கேட்டுட்டுச் சேர்ந்தாத்தான் நிலைப்பாங்க. அங்க ஓனர் அடிக்கடி லைனுக்கு வந்துருவாரு. நீங்க பாஸ் பண்ண பீஸையும் மறுபடி எடுத்து விரிச்சுப் பார்ப்பாரு. ரெண்டு பேர் ரோஷப்பட்டுப் போயிட்டாங்க. இதுக்குமேல ஆள் அனுப்பலைன்னா எங்க ஆபீஸுல எனக்குத்தான் திட்டு. வியாழக்கிழமை நேர்ல போய்ப் பார்க்கறீங்களா?"

"காலையில சொல்றேனுங்க" என்று நஞ்சப்பன் வைத்தார். வைத்த பிறகுதான் கவனித்தார், நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

மடத்துக்குள் வந்தபோது ரசத்தின் வாசம் வாசல் வரை வந்திருந்தது. சாமி அடுப்படியில் நின்று உள்ளங்கையில் ரசம் விட்டு ருசி பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை உப்பைத் தேடி அலமாரியைத் துழாவியது. மரகதம் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கொத்தமல்லி கிள்ளினார்.

நஞ்சப்பன் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கேட்டார்.

"போலாம்னு இருக்குதுங்க சாமி. ஆனா நாம பார்த்து வெச்சதுல மறுபடி மறுபடி கை வைக்கற ஆள் கிட்ட எப்படிங்க காலந்தள்றது?"

சாமி உப்புத் தேடுவதை நிறுத்தினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எனக்குன்னு தினமும் ரெண்டு இலை விட்டு வெக்கறீங்களே அண்ணா, அது மாதிரி அவருக்கும் ரெண்டு விட்டு வைங்க."