உத்திராபதி டீ போட்ட கதை

சரி, போர்வைய இழுத்துக்கோ. தலைய அத்தை மடியில வெச்சுக்கோ. நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலன்னா கதை அங்கேயே நின்னுடும், ஆமா.

ஒரு ஊர்ல, பாத்தாலே கண்ணு கூசுற மாதிரி வெள்ளை வெளேர்னு ஒரு உப்பளம். அதுல உப்பு வாருறவன் ஒருத்தன், பேரு உத்திராபதி. அவன் பொண்டாட்டி பேரு சிவபாக்கியம். புள்ளகுட்டி இல்ல. அவனுக்கு அவ, அவளுக்கு அவன். அவ்வளவுதான் குடும்பம்.

தினமும் காலையில பாக்கியம் எந்திரிச்சு டீ போடுவா. இவன் பாயில கண்ண மூடிக்கிட்டே கெடப்பான். "இந்தாங்க"ன்னு டம்ளர் பக்கத்துல வந்தாத்தான் கண்ணு தொறக்கும். மடக் மடக்குன்னு குடிப்பான், துண்ட ஒதறித் தோள்ல போடுவான், வேலைக்குப் போயிடுவான்.

அப்புறம் ஒரு மழைக்காலம் வந்துச்சு. பாக்கியத்துக்குக் காய்ச்சல். சும்மா காய்ச்சல் இல்ல, விஷக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில சேத்து, ஊசி மேல ஊசி போட்டு, ஒருவழியா எறங்குச்சு. வீட்டுக்கு அனுப்பும்போது அங்க இருந்த நர்சம்மா உத்திராபதியத் தனியா கூப்பிட்டு, "காய்ச்சல் போயிடுச்சு. ஆனா உடம்புல தெம்பே இல்ல. இனிமே வாய் வழியா ஏதாவது உள்ள போனாத்தான் தேறுவாங்க. பாத்துக்கோங்க"ன்னாங்க.

ம் சொல்லு.

ஆனா ஒண்ணும் உள்ள போகலையே! கஞ்சி குடுத்தான், ஒரு வாயோட தள்ளிட்டா. எளநி குடுத்தான், மொகத்தச் சுளிச்சுக்கிட்டா. பக்கத்து வீட்டு மைமூன் அக்கா மொளகு ரசம் வெச்சு கமகமன்னு கொண்டாந்தாங்க. "வேணாங்க்கா, நாக்கெல்லாம் கசக்குது"ன்னு சுவர் பக்கமா திரும்பிப் படுத்துட்டா. கையி ரெண்டும் கீரைத்தண்டு மாதிரி ஆயிடுச்சு. 

அப்போ ஒரு மத்தியானம், வெளிய சோன்னு மழை. அவளே மெதுவா வாயத் தொறந்தா.

"ஒரு வாய் டீ குடிச்சா தேவலாம் போல இருக்கு."

துள்ளி எந்திரிச்சான். "இரு, கடையில வாங்கியாரேன்!"

"கடை டீ வேணாங்க. அந்த வாடை பட்டாலே கொமட்டுது."

மைமூன் அக்காவக் கேக்கலாம்னு போனா, அவங்க வீட்டுல பூட்டு தொங்குது. சரி, டீதானே, நாமளே போட்டுட்டாப் போச்சுன்னு அடுப்படிக்குள்ள போனான்.

மொத தடவ என்ன பண்ணான் தெரியுமா? தண்ணி, பால், சர்க்கரை, டீத்தூள் எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி அடுப்புல ஏத்திட்டான். லேசா ஆவி வந்ததும் எறக்கி ஒரு வாய் குடிச்சுப் பாத்தான். தூ! மாடு குளிப்பாட்டுன குளத்துத் தண்ணி மாதிரி இருந்துச்சு. கொட்டிட்டான்.

ரெண்டாவது தடவ, "தூள் பத்தல, சூடு பத்தல"ன்னு நெனச்சுக்கிட்டு, தூள அள்ளி அள்ளிப் போட்டான். கொதிக்குது, கொதிக்குது, தளதளன்னு கொதிக்குது. அதுல பால ஊத்துனானா? புஸ்ஸ்ஸ்ஸ்! பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு. மிச்சம் இருந்தத வாயில வெச்சான். வேப்பங்கொழுந்து கெட்டுது போ, அப்படி ஒரு கசப்பு.

இப்போ பால் ஒரே ஒரு டம்ளர்தான் மிச்சம். பால்காரர் இனிமே நாளைக்குத்தான் வருவாரு.

"பாக்கியம், எப்படிம்மா போடுவ?"ன்னு எட்டிப் பாத்தான். அவ அசந்து தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. அந்த மெலிஞ்ச மொகத்தப் பாத்துக்கிட்டே நின்னான். அவ்வளவு பெரிய ஆளு, பாயில பொத்துன்னு படுத்துக் கண்ண மூடிக்கிட்டு அழுதான்.

அழுது, அழுது, அப்புறம் சும்மா கெடந்தான். அதே பாய். அதே மாதிரி மூடுன கண்ணு. அப்போதான் தங்கம், அவனுக்குக் காதுல கேக்க ஆரம்பிச்சுது.

என்ன கேட்டுச்சு? பாக்கியம் டீ போடுற சத்தம்! கண்ணாலதான் பாக்கல, காது தினமும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு?

மொதல்ல தண்ணி ஊத்துற சத்தம், சொளசொள. அப்புறம் இஞ்சி தட்டுறது, டொக் டொக். தண்ணி தளதளன்னு கொதிக்கும். அப்போ தூள் டப்பா, டப்! ஒடனே அடுப்ப அணைக்கிறது, டக்! மேல தட்டு வெச்சு மூடுறது, டங்! அடடா, தூளப் போட்டுக் காய்ச்சவே இல்ல அவ, மூடித்தான் வெச்சிருக்கா! அப்புறம் அடுப்படியில சத்தமே இருக்காது. அந்த நேரத்துல அவ எங்க போவா? வாசல்ல கேக்கும்... சளப், சளப். வாசல் தெளிக்கப் போவா, தெளிச்சு முடிக்கிற வரைக்கும் டீ ஊறும்!

விருட்டுன்னு எந்திரிச்சான். தண்ணி வெச்சான், சொளசொள. இஞ்சி, டொக் டொக். தளதள. டப், டக், டங்! அப்புறம் வாளியத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுனான்.

மழையில வாசலே குளமா கெடக்கு. அதுல நின்னு இவன் தண்ணி தெளிக்கிறான், சளப் சளப்!

என்ன சிரிப்பு? ஆமா, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுதான்.

அப்போ குடையோட வந்தாங்க மைமூன் அக்கா. அப்படியே நின்னுட்டாங்க. "என்ன தம்பி பண்றே?"

"டீ போடுறேங்க்கா!"

அந்தம்மா வானத்த ஒரு தடவ பாத்தாங்க, வாளிய ஒரு தடவ பாத்தாங்க.

வாசல் முழுக்கத் தெளிச்சு முடிச்சுட்டு உள்ள வந்தான். பால மட்டும் தனியா காய்ச்சுனான், பக்கத்துலயே நின்னு, பொங்க விடாம. மூடிய எடுத்தான் பாரு, குப்புன்னு வாசனை! வடிகட்டுனான், சர்க்கரை போட்டான், தூக்கி ஆத்துனான், சர்ர்ர்... சர்ர்ர்... நுரை நின்னுச்சு.

அந்தச் சத்தத்துலயே பாக்கியம் கண்ணத் தொறந்துட்டா. தூக்கி உக்கார வெச்சு, முதுகுக்குத் தலகாணி குடுத்து, டம்ளர நீட்டுனான். ஒரு வாய் குடிச்சா. இன்னொரு வாய். அப்புறம் பாதி டம்ளர். மொகத்தச் சுளிக்கல. ஆனா கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"என்னம்மா, நல்லா இல்லியா?"

"நல்லா இருக்குங்க. நான் உக்காந்திருக்க, ஒருத்தர் எனக்கு டீ போட்டுக் கொண்டாந்து குடுக்குறது... இதுதாங்க மொத தடவ."

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "நீ போட்ட டீயெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு பாக்கியம். ஒரு நாளும் நான் சொன்னதில்ல. எனக்குச் சொல்லத் தெரியல."

அவ சிரிச்சா. எத்தன நாளைக்கு அப்புறம்! டம்ளரக் காலி பண்ணிட்டு, ஒதட்டத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா, "ஏங்க, பசிக்குது. தொட்டுக்க பன்னு கின்னு எதாச்சும் இருக்கா?"

பசிக்குதாம்! அதக் கேட்டதும் அவனுக்குக் காலு தரையில நிக்கல. குடையக்கூட எடுக்காம மழையில ஓடுறான் பன்னு வாங்க. போற வழியில கட்டியிருந்த பசு மாட்டுக்கு ஒரு கும்பிடு. ஆஸ்பத்திரி இருக்குற தெசையப் பாத்து ஒரு கும்பிடு. எதுக்க வந்த மைமூன் அக்காவுக்கு ஒரு கும்பிடு. தலைய நனைக்குற மழைக்கும் ஒரு பெரிய கும்பிடு!

அவ பன்னு தின்னா, தெம்பு வந்துச்சு, எந்திரிச்சா, நடந்தா. ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்க.

என்ன, "ம்" காணோம்? தூங்கிட்டியா? சரி, கதை அவங்க வீட்டுக்குப் போயாச்சு, தூக்கம் நம்ம வீட்டுக்கு வந்தாச்சு. தூங்கு, தங்கம்.